பச்சை விளக்கு எரியுதா?

என் அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. அதுவரை ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் "வேலை இருந்துச்சு" என்று ஒரே பதில்தான். அது சாக்கு இல்லை. நிஜமாகவே அவளுக்கு வேலை இருந்தது.

அந்த வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் வகுப்பு நடக்கிறது. காது கேளாத பிள்ளை ஒன்று அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியரின் சட்டையில் மாட்டிய மைக் வழியாக அவர் குரல், ஊரின் இன்னொரு மூலையில் இருக்கும் என் அக்காவின் காதுக்கு வரும். அக்கா கேட்கக் கேட்கத் தட்டச்சு செய்வாள். அவள் தட்டத் தட்ட அந்தப் பிள்ளையின் மடிக்கணினியில் எழுத்து ஓடும். ஆசிரியர் இருமினால் 'இருமுகிறார்' என்று போடுவாள். கடைசி பெஞ்சில் யாராவது ஜோக்கடித்தால் அதையும் விடமாட்டாள். "மத்த பிள்ளைங்க எல்லாம் சிரிக்கும்போது இது மட்டும் முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா?" என்பாள்.

இந்த வேலைக்கு வேண்டிய காது அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. வீட்டில் அவளைப் 'பாம்புக்காது' என்றுதான் கூப்பிடுவோம். நான் அடுத்த அறையில் சத்தம் வராமல் மிட்டாய்த் தாளைப் பிரித்தாலும் "எனக்கொண்ணு" என்று குரல் வரும்.

அத்தான் அவளுக்குக் கிடைத்ததும் அந்தக் காதால்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் அக்கா குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அக்கா தனியாக. அத்தான் வந்து கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க மேடம், மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றாராம். அதற்கு உள்ளேயிருந்து பதில் வந்தது: "எனக்கு ஒண்ணும் பயமில்ல. மேல இடது பக்கம் 'டொக் டொக்'னு ஏதோ அடிக்குது. அப்புறம் உஸ்ஸுனு ஒரு சத்தம். மறுபடியும் டொக். அதைப் பாருங்க." அத்தான் மேலே ஏறி இடது பக்கம் பார்த்தார். கோளாறு அங்கேதான் இருந்தது. கதவைத் திறந்து இவளை வெளியே விட்டவர், "என் வேலைக்கு வந்துடுறீங்களா?" என்று கேட்டாராம். அவர் மனைவியை இழந்தவர். ஒரே மகள், அவளும் கல்யாணமாகி வெளியூரில். அப்புறம் அந்தக் கட்டடத்து லிஃப்ட் தேவையில்லாமல் அடிக்கடி பராமரிக்கப்பட்டது. இதற்குமேல் நான் விவரிக்க வேண்டியதில்லை.

பணி ஓய்வு வாங்கிக்கொண்டு அவர் அக்காவின் வீட்டுக்கே குடிவந்தார். இரண்டு பெட்டி, ஒரு கருவிப் பை, ஒரு நாற்காலி. அந்த நாற்காலியைப் பற்றிக் கேட்காதீர்கள். ஏதோ பெரிய ஹோட்டலை இடித்தபோது வரவேற்பறையிலிருந்து வாங்கியது. இரும்புச் சட்டம், தோல் மெத்தை. தூக்கி வந்த ஆட்கள் படியேறும்போது வாய்விட்டே திட்டினார்கள். முன்னறையில் ஜன்னலோரம் வெளிச்சம் பார்த்து அதைப் போட்டார்கள். அக்காவின் வீட்டில் அவருடையது என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தது அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் அக்காவுடையது. எந்த டம்ளர் எங்கே இருக்க வேண்டும், எந்தக் கதவை எப்படிச் சாத்த வேண்டும் என்பதெல்லாம் பல வருஷமாக அவள் வைத்த சட்டம். அத்தான் அந்த வீட்டில் முதல் சில மாதம் விருந்தாளி மாதிரிதான் நடந்துகொண்டார். குளித்த பிறகு தரையைத் துடைத்துவிட்டு வெளியே வருவார். தண்ணீர் குடிக்கக்கூட "எடுத்துக்கட்டுமா?" என்பார். அக்காவுக்கு அது சங்கடமாக இருந்தது. ஆனால் எப்படி மாற்றுவது என்று அவளுக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் அக்காவின் இணைய இணைப்பு விட்டுவிட்டு அறுந்துபோக ஆரம்பித்தது.

அவள் வீட்டில் இணையம் வந்து இறங்கும் ரவுட்டர் பெட்டி முன்னறையில், வாசல் பக்கம் இருந்தது. அவள் வேலை செய்வது கடைசி அறையில். நடுவே சமையலறைச் சுவர், குளியலறைச் சுவர். வைஃபை அங்கே போய்ச் சேருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். அதனால் ரொம்ப நாளைக்கு முன்பே ரவுட்டரிலிருந்து ஒரு நீளமான கேபிளைச் சுவரோரமாகவே இழுத்து, முன்னறை விரிப்புக்கு அடியில் விட்டு, நடை வழியாகக் கடைசி அறை வரை கொண்டுபோயிருந்தாள். அவளே செய்தது. ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை.

முதல் தடவை அறுந்தபோது வகுப்பு பாதியில் இருந்தது. "என்னங்க! போச்சு!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். அத்தான் கையிலிருந்த பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து ரவுட்டரிடம் ஓடினார்.

"பச்சை விளக்கு எரியுதே!"

"இப்பதான் வந்துச்சு! என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. பார்த்தேன்."

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் இல்லை. பிறகு ஒரே காலையில் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் அத்தான் எழுந்துபோய்ப் பார்த்தால் விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருக்கும். அக்கா என்னிடம் ஃபோனில், "உங்க அத்தான் கைராசிக்காரர்டி. கிட்டப் போனாலே சரியாயிடுது" என்று பெருமைப்பட்டாள்.

பெருமை ரொம்ப நாள் தாங்கவில்லை. இணைப்பு கொடுத்த கம்பெனியிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். வாசலில் வந்து இறங்கும் ஒயரைப் பிடுங்கிச் சொருகினார், தன் கைப்பேசியில் எதையோ பார்த்தார். "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. உங்க பக்கம்தான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"உங்க பக்கம்னா எந்தப் பக்கம்?" என்று அக்கா கேட்டாள்.

"வீட்டுக்குள்ள மேடம்."

அதோடு அத்தான் கருவிப் பையைத் திறந்துவிட்டார். கோளாறு தேடுவதில் அவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு முனையிலிருந்து ஆரம்பிப்பார், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவார், மாற்றியபின் காத்திருப்பார். முதலில் மடிக்கணினியை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து ஒரு குட்டிக் கேபிளில் சொருகிப் பார்த்தார். எந்தச் சிக்கலும் இல்லை. அப்படியானால் ரவுட்டர் மேல் பழி இல்லை. ரவுட்டரில் கேபிளை வேறு துளைக்கு மாற்றினார். மறுநாள் காலையே போனது. அப்படியானால் துளையும் இல்லை. பிறகு நீளக் கேபிளின் பிளக்கைக் கையில் எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி உற்றுப் பார்த்தார். அதைத் துளைக்குள் பிடித்து வைக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்தது.

"மாட்டிக்கிட்டாரு ஐயா!" என்றார். யாராவது பக்கத்தில் நடந்தாலே அது லேசாக வெளியே நழுவிவரும், அதுதான் விஷயம் என்று முடிவானது.

கடைக்குப் போய்ப் புது பிளக், அதை நசுக்கிப் பொருத்துவதற்கான கிரிம்பிங் டூல், கேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் எல்லாம் வாங்கிவந்தார். கேபிளுக்குள் எட்டு மெல்லிய ஒயர்கள். இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. ஒவ்வொன்றுக்கும் நிறம் உண்டு, பிளக்குக்குள் அவை ஒரு வரிசையில் நிற்க வேண்டும். அக்கா வரிசையை வாசிக்க, அத்தான் அடுக்கினார்.

"வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம்…"

"இரு இரு. வெள்ளைப் பச்சைக்குப் பக்கத்துல பச்சைதானே?"

"இல்ல. நடுவுல நீலமும் வெள்ளை நீலமும் வரும். அப்புறம்தான் பச்சை."

"இதென்ன அநியாயம்! முறுக்கிக்கிட்டு வந்த ஜோடியை இப்படிப் பிரிச்சு வைக்கலாமா?"

"அது தொழில்நுட்பம். அடுக்குங்க."

அத்தான் அடுக்கினார். ஆனால் கை தானாகப் பச்சையை அதன் ஜோடியிடமே கொண்டு சேர்த்துவிட்டது. நசுக்கிய பிறகு டெஸ்டரில் விளக்குகள் வரிசை தப்பி எரிந்தன. பிளக்கை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பம். அன்றைக்கு அந்த இரண்டு பேரும் முன்னறைத் தரையில் ஒயர் துணுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து சிரித்த சிரிப்பு மாடிப்படி வரை கேட்டது. நான் அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தேன்.

சில நாள் நிம்மதி. பிறகு ஒருநாள் சட்டக் கல்லூரி வகுப்பு. அக்காவுக்கு ரொம்பப் பிடித்த மாணவி அவள்தான். படபடவென்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும் பெண். அன்று ஆசிரியர் ஒரு வழக்கை விளக்கிக்கொண்டிருந்தார். வாடகை வீட்டில் படி உடைந்திருக்கிறது, வந்தவர் ஒருவர் விழுந்து கால் முறிந்துவிட்டது. அரைமணி நேரம் இரண்டு பக்க வாதத்தையும் சொல்லிவிட்டு ஆசிரியர், "ஆக, இதில் உண்மையான பொறுப்பு யாருக்கு என்றால்" என்றார்.

போயிற்று.

அந்தப் பெண்ணின் திரையில் 'என்றால்' என்பதோடு எழுத்து நின்றது. திரும்பி வந்தபோது ஆசிரியர் அடுத்த பாடத்தில் இருந்தார். மாணவியிடமிருந்து கைப்பேசிக்கு ஒரே வார்த்தை: "யாருக்கு?"

அக்காவுக்கும் தெரியாது. அவள் காதிலும் விழவில்லையே. என் அக்கா ஒரு வகுப்பில் ஒரு வார்த்தையைக்கூட விட்டதாக அதற்கு முன் எனக்கு நினைவில்லை. வகுப்பு முடிந்ததும் விறுவிறுவென்று முன்னறைக்கு வந்தாள். அத்தான் வழக்கம்போல ரவுட்டர் முன் நின்று, "எரியுதே" என்றார்.

"எரியுது, எரியுதுன்னு சொல்லாதீங்க! நீங்க வர்றதுக்கு முன்னாடி இது இப்படி இருந்ததே இல்ல."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவளுக்கே கேட்டது. அத்தான் "சரி மேடம்" என்றார். அவருக்கு மனசு சரியில்லையென்றால் அவள் மறுபடி மேடம் ஆகிவிடுவாள்.

மறுநாளிலிருந்து அவர் கைப்பேசியை அணைத்து வைத்தார். தான் பழைய படம் பார்ப்பதுதான் இணைப்பை இழுத்துக்கொள்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம். காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு கீழே காவலாளியின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். வகுப்பு முடிகிற வரை மேலே வருவதில்லை.

இணைப்பு அறுந்துபோகவே இல்லை.

அக்கா எனக்கு ஃபோன் பண்ணினாள். குரலே சரியில்லை. "அவர் கீழ போனா நல்லா இருக்குடி. ஒரு தடவகூடப் போகல. இதை நான் எப்படி அவர்கிட்ட சொல்வேன்? அவர் வந்து கேட்கிறாரு, 'இன்னிக்கு எப்படி இருந்துச்சு'ன்னு. நல்லா இருந்துச்சுன்னு சொன்னா முகம் வாடுது. இல்லன்னு பொய் சொல்லவும் வரல."

"அந்தப் பொண்ணுக்குப் பதில் கிடைச்சுதா?" என்று பேச்சை மாற்றினேன்.

அதைக் கேட்டதும் அக்கா அழுகையும் சிரிப்புமாக, "அதை ஏன் கேட்கிற! பக்கத்துல இருந்தவகிட்ட கேட்டுட்டு எனக்கே அனுப்பிச்சா. 'அக்கா, எல்லாப் பொறுப்பும் வீட்டுக்காரருக்குத்தானாம்'னு. எந்த வீட்டுக்காரர்னு எனக்கு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டுச்சு" என்றாள்.

அந்த வார விடுமுறையில் நான் போனேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். அங்கே போனால் இரண்டு பேரும் மும்முரமாக இருந்தார்கள். அத்தானுக்கு மனசு ஆறவில்லை. "என்னாலதான்னா என்னாலன்னு தெரியணும். இல்லன்னா இல்லன்னு தெரியணும்" என்று கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி, முன்னறை முனையில் டெஸ்டரின் பெரிய பாதியை மாட்டியிருந்தார். சின்னப் பாதி கடைசி அறையில் அக்காவிடம். எட்டு ஒயருக்கு எட்டு விளக்கு. ஒன்றன்பின் ஒன்றாக எரியும். அக்கா அங்கேயிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கத்துவாள், அத்தான் இங்கே சரிபார்ப்பார்.

"ஒண்ணு! ரெண்டு! மூணு! நாலு! அஞ்சு! ஆறு! ஏழு! எட்டு!"

"மறுபடி!"

"ஒண்ணு! ரெண்டு! மூணு!"

எல்லாம் சரியாக இருந்தது. எத்தனை சுற்று போனாலும் சரியாகவே இருந்தது. அத்தானின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிப்போனதை நான் பார்த்தேன். கேபிளில் குற்றமில்லை என்றால் வேறு யாரிடம் குற்றம்?

லிஃப்ட்காரர் குடியிருந்தும் அன்று அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஓடவில்லை. படியேறி வந்ததில் எனக்குக் கால் கடுத்தது. அக்காவைப் போல எனக்குக் கொடி மாதிரி உடம்பு இல்லை, எங்கள் இருவருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே சாப்பிட்டு வளர்ந்தவள். "ஸ்ஸ் அப்பாடா" என்று ஜன்னலோர நாற்காலியில் விழுந்தேன்.

"ஒண்ணு! ரெண்டு! நாலு! அஞ்சு!"

"மூணு எங்க?" என்றார் அத்தான்.

"மூணு எரியல!"

"எரியலையா? என்ன ஆச்சு?" என்று நான் பதறி எழுந்து உள்ளே ஓடப்போனேன்.

"வந்துடுச்சு! மூணு வந்துடுச்சு!"

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை என்று ஒன்றும் இல்லை.

"அம்மா, கொஞ்சம் உட்காரு."

உட்கார்ந்தேன்.

"மூணு போச்சு!" என்றது உள்ளே குரல்.

"எழுந்திரு."

எழுந்தேன்.

"வந்துடுச்சு! என்னங்க பண்றீங்க அங்க?"

"உட்காரு. எழுந்திரு. உட்காரு." பள்ளிக்கூடத்தில்கூட நான் இத்தனை தோப்புக்கரணம் போட்டதில்லை. அக்கா முன்னறைக்கே ஓடிவந்துவிட்டாள். டெஸ்டரின் சின்னப் பாதி அவள் கையில் இல்லை, பாவம், அது அங்கே தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது.

மூன்று பேருமாக நாற்காலியை நகர்த்தினோம். விரிப்பைத் தூக்கினார் அத்தான். அடியில் கேபிள் ஓரிடத்தில் நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது, மேலே நாற்காலிக் காலின் வட்ட அச்சு. உள்ளே ஒரு ஒயர் மட்டும் விண்டிருந்தது. சும்மா இருக்கும்போது விண்ட இடம் ஒட்டிக்கொண்டிருக்கும். பாரம் ஏறினால் விலகிவிடும். அவர் பேப்பர் படிக்க நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால் போய்விடும். இவள் கத்துவாள். அவர் எழுந்து ஓடுவார். வந்துவிடும். இதுதான் அத்தானின் கைராசி.

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "லிஃப்ட்லயே இப்படி ஒரு கோளாறு உண்டு. ஆள் ஏறினாத்தான் வரும். காலியா ஓடவிட்டுப் பார்த்தா கடைசி வரைக்கும் பிடிபடாது. அதனால நாங்க ஆளை ஏத்தித்தான் சோதிப்போம். வெளியில எல்லாம் அப்படித்தான் பார்த்தேன். என் வீட்டுல மறந்துட்டேன் பாரு!"

'என் வீட்டுல' என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். பாம்புக்காதுக்காரி கவனிக்காமல் இருப்பாளா? அவள் குனிந்து அந்த நசுங்கின கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க வந்த பிறகுதான் இப்படி ஆச்சுன்னு சொன்னேன்ல?" என்றாள்.

"ஆமாம். அது உண்மைதான்" என்றார் அவர். "வீட்டுல எடை கூடிடுச்சு."

அவ்வளவுதான், மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். சிரித்து ஓய்ந்ததும் அக்கா கண்ணைத் துடைத்தபடி, "அன்னிக்கு வாய் நீண்டுடுச்சுங்க" என்றாள். "விரிப்புக்கு அடியில கொண்டுபோய் விட்டதே நான்தான்."

"தடுக்கி விழாம இருக்கத்தானே விட்ட? விடு" என்றார். மேடம் போய் 'நீ' திரும்பி வந்திருந்தது.

அத்தான் நாற்காலியை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிடலாம் என்றார். அக்கா ஒப்புக்கொள்ளவே இல்லை. அங்கே வெளிச்சம் வராது, பேப்பர் படிக்க முடியாது, கேபிள்தான் இடம் மாற வேண்டும், ஆள் இல்லை என்று அடித்துச் சொன்னாள். அன்று சாயங்காலமே புதுக் கேபிள் வாங்கிவந்து, கதவு நிலைகளுக்கு மேலாகச் சுவர் உயரத்தில் ஆணிக் கிளிப் அடித்துக் கொண்டுபோனார்கள். அவர் ஏணிமேல், இவள் கீழே. "கொஞ்சம் தளர்த்தி விடுங்க, இறுக்காதீங்க." "மூலையில மடக்காம வளைச்சு விடு." பிளக் மாட்டும்போது பச்சை தன் ஜோடியை விட்டு விலகிச் சரியான இடத்தில் நின்றது. "மனசே இல்லாம வைக்கிறேன்" என்றார் அத்தான்.

அப்புறம் அந்த வீட்டில் நிறைய மாறிவிட்டது. அத்தான் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்பதில்லை. டம்ளர்கள் கண்ட இடத்தில் இருக்கின்றன. அக்கா அதைப் பற்றி என்னிடம் மணிக்கணக்கில் குறை சொல்கிறாள், குறை சொல்லும்போது அவள் குரல் கேட்க நன்றாக இருக்கிறது. கோளாறு எதுவும் இல்லாத நாளிலும் வேலை ஆரம்பிக்கும் முன் கடைசி அறையிலிருந்து "எரியுதா?" என்பாள். முன்னறையிலிருந்து "எரியுது!" என்று வரும்.

கட்டடத்தில் விஷயம் பரவிவிட்டது. யார் வீட்டில் இணைப்பு போனாலும் இவர்களைத்தான் தேடுகிறார்கள். போன வாரம் நான் போனபோது கதவு பூட்டியிருந்தது. படியிலேயே காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து இருவரும் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். அத்தானின் தோளில் பை. அக்கா, எங்கேயோ விசேஷத்துக்குப் போகிறவள் மாதிரி நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"எங்க போனீங்க ரெண்டு பேரும்?"

"மேல பல் டாக்டர் வீட்டுல இணைப்பு வரலன்னு கூப்பிட்டாங்க" என்றாள் அக்கா.

"என்ன கோளாறு?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தாள்.

"பிளக்கைச் சொருகவே இல்ல" என்றார் அத்தான். "அதை உடனே சொன்னா அவங்களுக்குக் கூச்சமா இருக்குமேன்னு, எல்லாத்தையும் ஒரு தடவை சோதிச்சுட்டு, கடைசியில மெதுவா சொருகி விட்டோம்."

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

"டீ போட்டுக் கொடுத்தாங்கடி" என்றாள் அக்கா, பூட்டைத் திறந்துகொண்டே. "உள்ள வா. நீ சாப்பிட்டியா?"